கை கோத்தால் திறக்கும் பெட்டி!

ஒரு பெட்டி. அதற்குச் சாவித் துவாரம் கிடையாது. எண்களைத் திருப்பும் பூட்டும் கிடையாது. பெட்டியின் இரு பக்கமும் நீளமான வயர். ஒவ்வொரு வயரின் முனையிலும் ஒரு எவர்சில்வர் டம்ளர். அவ்வளவுதான்! மூடியின் மேல் ஒரு விடுகதை மட்டும் எழுதி ஒட்டியிருக்கிறது.

"ஒருவர் தொட்டால் ஊமை, இருவர் தொட்டாலும் ஊமை, இருவரும் ஒன்றானால் வாய் திறப்பேன். நான் யார்?"

எப்படித் திறப்பீர்கள்? நீங்கள் ஒரு டம்ளரைப் பிடித்துக் கொள்ள வேண்டும். உங்கள் நண்பன் அடுத்த டம்ளரைப் பிடித்துக் கொள்ள வேண்டும். பிறகு காலியாக இருக்கும் கைகளை இருவரும் கோத்துக் கொள்ள வேண்டும். உடனே உள்ளே 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். மூடி திறந்து கொள்ளும்! சாவி நீங்கள் இருவரும்தான்.

மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. நீங்களே செய்யக்கூடிய மின்னணுப் புதிர்ப் பெட்டி இது. எப்படி வேலை செய்கிறது, எப்படிச் செய்வது, செய்யும்போது என்னென்ன சிக்கல் வரும் என்பதை எல்லாம் பார்ப்போம். சிக்கல்களைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன். ஏனென்றால் சுவையே அங்கேதான் இருக்கிறது.

திறக்கச் சிரமப்படுத்தும் பெட்டிகள் மனிதனுக்குப் புதிதல்ல. ஜப்பானில் ஹகோனே என்ற மலை ஊரில் 'ஹிமிட்சு பாகோ' என்று ஒரு மரப்பெட்டி செய்கிறார்கள். 'ரகசியப் பெட்டி' என்று பொருள். பக்கப் பலகைகளைக் குறிப்பிட்ட வரிசையில் சிறிது சிறிதாக நகர்த்தினால்தான் திறக்கும். சில பெட்டிகளுக்கு 10 அசைவு போதும்; சிலவற்றுக்கு 50-க்கும் மேல் வேண்டும்! நம் திண்டுக்கல் பூட்டுகள் மட்டும் இளைத்தவையா? திறக்கும்போது மணி அடிக்கும் பூட்டெல்லாம் அங்கே கையாலேயே செய்திருக்கிறார்கள். 2019-ம் ஆண்டு திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

2009-ம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒருவர், பிரான்சில் வாழும் நண்பரின் திருமணத்துக்குப் பரிசாக ஒரு பெட்டி செய்தார். அதில் ஒரு பொத்தானும் சிறிய திரையும் இருந்தன. பொத்தானை அழுத்தினால், 'நீங்கள் போக வேண்டிய இடம் இத்தனை கிலோமீட்டர் தூரம்' என்று மட்டும் காட்டும். எந்தத் திசை என்று சொல்லாது! செயற்கைக்கோள் மூலம் தான் இருக்கும் இடத்தை அறிந்து கொள்ளும் அந்தப் பெட்டி, குறித்த இடத்துக்குக் கொண்டு போனால்தான் திறக்கும். மணமக்கள் வரைபடத்தை விரித்து வைத்துக் கொண்டு இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் அவர் திட்டம். அந்தப் பெட்டிக்கு ஓர் 'இடம்' சாவி. நம் பெட்டிக்கு இன்னொரு மனிதர் சாவி.

துள்ளிய 180 வீரர்கள்

மனிதர்களைக் கைகோக்க வைத்து மின்சாரம் பாய்ச்சியது பழைய கதை. 1746-ம் ஆண்டு, பிரான்சில் நொலே என்ற பாதிரியார் இருந்தார். மின்சார ஆராய்ச்சியில் அவருக்கு அளவில்லாத ஆசை. அப்போதுதான் 'லெய்டன் ஜாடி' என்ற கண்ணாடி ஜாடி கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அதில் மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கலாம். அரசர் பதினைந்தாம் லூயி முன்னிலையில் 180 காவல் வீரர்களைக் கைகோத்து நிற்க வைத்தார் நொலே. வரிசையின் இரு முனையையும் ஜாடியோடு இணைத்தார். அவ்வளவுதான்! 180 பேரும் ஒரே நேரத்தில் துள்ளிக் குதித்தார்கள். பிறகு பாரிஸில் சுமார் 200 துறவிகளை வைத்தும் இதேபோலச் செய்து காட்டினார்.

அரசர் ரசித்தார், சரி. அடி வாங்கிய வீரர்களை யாராவது கேட்டார்களா? எனக்கு இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் அவர்கள் நினைவுதான் வரும். மின்சாரம் மனித உடல் வழியே பாயும், ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தாவும் என்பதை அந்தச் சோதனை காட்டியது உண்மை. ஆனால் யாரும் அதைத் திரும்பச் செய்து பார்க்கக் கூடாது. நம் பெட்டியில் பாயும் மின்சாரம் உங்களுக்குத் துளியும் தெரியாது. ஒரு எறும்பு ஊர்வது போலக்கூட இருக்காது.

ஏன் தெரியுமா? நம் உடலுக்குள் இருப்பது உப்பு கலந்த நீர். அது மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் மேலே இருக்கும் காய்ந்த தோல் மின்சாரத்தைத் தடுக்கும். இந்தத் தடையை 'ஓம்' என்ற அலகில் அளக்கிறோம். காய்ந்த தோலின் தடை ஒரு லட்சம் ஓம், சில நேரம் அதற்கும் பல மடங்கு மேல். அதே தோல் நன்றாக நனைந்தால் ஆயிரக்கணக்கான ஓம் என்று இறங்கிவிடும். (ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று அம்மா திட்டுவது இதனால்தான்!) சிறிய பேட்டரியின் மின்சாரம் இவ்வளவு பெரிய தடையைத் தாண்டி வரும்போது, ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் சில பங்குதான் மிஞ்சும். அந்தத் துளி மின்சாரத்தால் ஒரு விளக்கைக்கூட எரிய வைக்க முடியாது. பிறகு பெட்டி எப்படித் திறக்கும்?

அந்தத் துளியைப் பெருக்க ஒரு பொருள் இருக்கிறது. அதுதான் டிரான்சிஸ்டர்.

எட்டிப் பார்க்கும் பெட்டி

முதலில் எளிய பெட்டி ஒன்றைச் செய்வோம். ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் கடையிலோ, எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையிலோ 'பி.சி. 547' என்று கேளுங்கள். மூன்று கால் உள்ள கறுப்புப் பூச்சி மாதிரி ஒன்றைத் தருவார்கள். விலை சில ரூபாய்தான். இரண்டு வாங்கிக் கொள்ளுங்கள். கூடவே 9 வோல்ட் பேட்டரி ஒன்று, வெள்ளை எல்.ஈ.டி. விளக்கு ஒன்று, 1,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 10,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, கொஞ்சம் வயர்.

டிரான்சிஸ்டரின் தட்டையான பக்கம் உங்களைப் பார்த்தும், கால்கள் கீழேயும் இருக்கட்டும். இடமிருந்து வலமாக அவற்றின் பெயர் கலெக்டர், பேஸ், எமிட்டர். முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டரை இரண்டாவதன் பேஸோடு இணையுங்கள். இரண்டின் கலெக்டரையும் ஒன்றாகச் சேர்த்து, எல்.ஈ.டி.யின் குட்டைக் காலோடு இணையுங்கள். எல்.ஈ.டி.யின் நெட்டைக் காலிலிருந்து 1,000 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பேட்டரியின் பிளஸுக்குப் போக வேண்டும். இரண்டாவது டிரான்சிஸ்டரின் எமிட்டர் பேட்டரியின் மைனஸுக்கு. இனி டம்ளர்கள். ஒன்றை 10,000 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பிளஸோடும், மற்றதை முதல் டிரான்சிஸ்டரின் பேஸோடும் இணைத்துவிட்டால் முடிந்தது.

ஒரு டிரான்சிஸ்டர் தன் பேஸுக்குள் வரும் மின்சாரத்தை நூறு மடங்குக்கு மேல் பெருக்கும். அதை இன்னொரு டிரான்சிஸ்டர் மறுபடியும் நூறு மடங்கு பெருக்கினால்? பத்தாயிரம் மடங்கு! உங்கள் விரல் வழியே வந்த துளி, விளக்கை எரிய வைக்கும் ஓடையாகிவிடும்.

இதைச் செருப்புப் பெட்டி ஒன்றில் வையுங்கள். உள்ளே ஒரு படத்தையோ கடிதத்தையோ ஒட்டி, வெளியிலிருந்து பார்க்க ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். சாதாரணமாக எட்டிப் பார்த்தால் ஒரே இருட்டு. இருவர் கைகோத்தால் உள்ளே வெளிச்சம் வந்து படம் தெரியும். கையை விட்டால் மறைந்துவிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்துவிடலாம்.

ஆனால் ஒருவரே வலது கையால் ஒரு டம்ளரையும் இடது கையால் மற்றதையும் பிடித்துவிட்டால்? விளக்கு எரிந்துவிடுமே! இரண்டாவது ஆள் தேவையே இல்லையே!

இதற்கு வழி உங்கள் உடம்பிலேயே இருக்கிறது. இரு கைகளையும் பக்கவாட்டில் நன்றாக நீட்டினால், ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை உள்ள நீளம் ஏறக்குறைய உங்கள் உயரத்துக்குச் சமம். அளந்து பாருங்கள்! ஆகவே டம்ளர்களுக்கு இடையே இரண்டு மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்குமாறு அவற்றை இரண்டு நாற்காலிகளில் கயிற்றால் கட்டிவிட்டால், எந்தத் தனி ஆளாலும் முடியாது.

பூட்டுக்கு மூளை

உண்மையான பூட்டு வேண்டுமென்றால் பெட்டிக்குச் சின்ன மூளை ஒன்று தேவை. 'ஆர்டுயினோ' என்ற மின்னணுப் பலகை அதற்கு ஏற்றது. இத்தாலியில் இவ்ரியா என்ற ஊரில், வடிவமைப்புப் படிக்கும் மாணவர்களுக்காக 2005-ம் ஆண்டு உருவான பலகை இது. அந்த ஊரில் நண்பர்கள் கூடிப் பேசும் விடுதியின் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் அரசரின் பெயர் அது! பல பள்ளிகளின் ஆய்வகங்களில் இந்தப் பலகை இருக்கிறது. அறிவியல் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு டம்ளரை 10,000 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பலகையின் 5 வோல்ட் முனையில் கொடுக்க வேண்டும். மற்ற டம்ளரை 'ஏ-0' என்ற முனையில் கொடுத்து, அங்கிருந்து பத்து லட்சம் ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மைனஸுக்கு இணைக்க வேண்டும். இப்போது பலகை ஒரு எண்ணைச் சொல்லும். யாரும் தொடாவிட்டால் 0 பக்கம். இரண்டு டம்ளரும் நேராக ஒட்டிக் கொண்டால் 1,013 பக்கம். நடுவில் மனிதர்கள் இருந்தால் இடைப்பட்ட எண். 'இந்த எண் முதல் அந்த எண் வரை இருந்தால் மட்டும் மோட்டாரைத் திருப்பு' என்று நிரல் எழுதினால், குட்டி சர்வோ மோட்டார் ஒன்று பெட்டியின் தாழ்ப்பாளை நகர்த்தும்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வர் இந்தப் பெட்டியைச் செய்தார்கள். இணைப்பு கொடுக்க அவர்களுக்கு ஒரு நாள்தான் ஆனது. ஆனால் 'இந்த எண் முதல் அந்த எண் வரை' என்றேனே, அதை முடிவு செய்ய ஒரு வாரம் ஆயிற்று!

முதல் நாளே ஒரு பையன் சைக்கிள் செயினைக் கொண்டு வந்து இரண்டு டம்ளருக்கும் நடுவே போட்டான். எண் 1,012. 'இது ஆள் இல்லை, இரும்பு' என்று பெட்டிக்குப் புரிய வேண்டுமே! 1,005-க்கு மேல் போனால் திறக்காதே என்று எழுதினார்கள். அடுத்த நாள் அதே பையன் ஈரத் துண்டோடு வந்தான். ஒரு முனையை ஒரு டம்ளரிலும் மறுமுனையை அடுத்ததிலும் போட்டான். எண் 900-க்கு வந்தது, பெட்டி திறந்துவிட்டது! ஈரத் துண்டும் மனித உடம்பும் பெட்டிக்கு ஒன்றுபோலவே தெரிந்திருக்கின்றன.

என்ன செய்வது? அவர்களில் ஒரு சிறுமி ஒன்றைக் கவனித்தாள். கோத்த கையை இறுக்கிப் பிடித்தால் எண் ஏறுகிறது. தளர்த்தினால் இறங்குகிறது. இறுக்கும்போது தோலும் தோலும் அதிக இடத்தில் ஒட்டுவதால் தடை குறைகிறது. 'கையைப் பிடித்து மூன்று முறை அழுத்தினால்தான் திறக்க வேண்டும்' என்று நிரலை மாற்றினார்கள். நாற்காலியில் போட்ட துண்டுக்குக் கையை அழுத்தத் தெரியாதே! பையன் தோற்றான்.

ஆச்சியின் கை

இனி நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எல்லாம் முடிந்தது என்று அந்தச் சிறுமி தன் ஆச்சியை அழைத்து வந்தாள். பெட்டிக்குள் ஆச்சிக்குப் பிடித்த கருப்பட்டி மிட்டாயை ஒளித்து வைத்திருந்தாள். அப்போது டம்ளர்கள் வரவில்லை; வயர் முனையில் ஒரு ரூபாய் நாணயம்தான் ஒட்டியிருந்தார்கள். ஆச்சி ஒரு நாணயத்தைத் தொட்டார். பேத்தி மற்றதைத் தொட்டாள். கைகளைக் கோத்து மூன்று முறை அழுத்தினார்கள். பெட்டி அசையவே இல்லை. எண்ணைப் பார்த்தால் 150. பிள்ளைகள் வைத்திருந்த குறைந்தபட்ச எண் 300.

ஆச்சி சிரித்துக் கொண்டே சொன்னார்: "என் கைரேகைய ரேஷன் கடை மிசினே எடுக்க மாட்டேங்கு. இந்தப் பெட்டியா எடுக்கப் போவுது?"

தமிழகத்து ரேஷன் கடைகளில் 2020-ம் ஆண்டு கைரேகைப் பதிவு வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வயல் வேலை, பாத்திரம் தேய்ப்பது, செங்கல் தூக்குவது என்று வாழ்நாளெல்லாம் உழைத்த விரல்களில் ரேகை தேய்ந்து போயிருக்கும். கருவி 'இது யாரென்று தெரியவில்லை' என்று சொல்லிவிடும். துணியால் துடைத்து, தலையில் தேய்த்து, திரும்பத் திரும்ப விரலை வைத்து நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பிறகு கண்ணின் கருவிழியைப் படிக்கும் கருவியும் பல கடைகளுக்கு வந்தது. ஆச்சியின் உள்ளங்கை காய்ப்பேறி, காய்ந்து தடித்திருந்தது. அதனால்தான் தடை அதிகம்.

"ஆச்சி, கைய நனைச்சுட்டு வாங்க" என்றான் ஒருவன். தவறான யோசனை இல்லை, நனைத்தால் திறந்திருக்கும். ஆனால் சிறுமிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏல, ஆச்சி கைய ஏன் நனைக்கச் சொல்லுதீய? பெட்டியத்தான் மாத்தணும்" என்றாள்.

குறைந்தபட்ச எண்ணை 300-லிருந்து 100-க்கு இறக்கிப் பார்த்தார்கள். ஆச்சியின் கைக்குத் திறந்தது. ஆனால் புதுத் தொல்லை! ஒருவர் மட்டும் நாணயத்தின் பக்கத்தில் கையை ஆட்டினாலே சில நேரம் திறந்தது. வீட்டுச் சுவர்களுக்குள் ஓடும் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகத் துடிக்கிறது. நம் உடம்பு ஒரு ஏரியல் போல அந்தத் துடிப்பைக் கொஞ்சம் வாங்கிக் கொள்கிறது. அதனால் எண் குதித்து ஆடுகிறது. எண்ணை ஏற்றினால் ஆச்சி வெளியே. இறக்கினால் பொய்யாகத் திறக்கும்!

இரண்டு மாற்றங்கள் செய்தார்கள். 'ஏ-0' முனைக்கும் மைனஸுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைச் சேர்த்தார்கள். அது அந்த ஆட்டத்தைப் பெருமளவு விழுங்கிவிட்டது. இன்னொன்று, நாணயத்தை எடுத்துவிட்டு எவர்சில்வர் டம்ளர்களை வைத்தார்கள். நாணயத்தை விரல் நுனிதான் தொடும். டம்ளரை உள்ளங்கை முழுவதும் பற்றும். தொடும் இடம் பெரிதானால் தடை குறையும் அல்லவா? ஆச்சிக்கும் பேத்திக்கும் எண் 400-ஐத் தாண்டியது. டம்ளர் ஆச்சிக்குப் பழகிய பொருள் வேறு! காபி குடிக்கப் பிடிப்பது போலவே பிடித்துக் கொண்டார்.

மூன்றாவது அழுத்தலில் தாழ்ப்பாள் நகர்ந்தது. மிட்டாயில் பாதியைப் பேத்திக்குக் கொடுத்துவிட்டு, "இன்னொரு தடவ மூடுங்க, பாப்போம்" என்றார் ஆச்சி.

அதன்பின் அந்த நால்வரும் தெருவில் ஒருவரையும் விடவில்லை. சிமென்ட் வேலை செய்யும் மாமா, தபால்காரர், இரண்டு வயதுக் குழந்தை, வியர்த்துப் போய் விளையாடிவிட்டு வந்த பையன்கள் என்று எல்லார் கையையும் பிடித்து எண்ணை ஒரு நோட்டில் எழுதினார்கள். வியர்த்த கைகளுக்கு 980-க்கு மேல் வந்தது. நீங்கள் செய்யும்போதும் எண்களை என்னிடமிருந்து எடுத்துக் கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டுக் கைகளிலிருந்து எடுங்கள். வீட்டில் மிக வயதானவரிடம் முதலில் போங்கள்.

சில எச்சரிக்கைகள் மட்டும். இந்தப் பெட்டியைப் பேட்டரியில் மட்டுமே இயக்க வேண்டும். செல்போன் சார்ஜர், அடாப்டர், சுவரில் செருகிய கணினி எதனோடும் இணைந்திருக்கும்போது டம்ளரைத் தொடக் கூடாது. நிரலை ஏற்றியதும் கணினி வயரைக் கழற்றிவிடுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்த விளையாட்டில் சேர வேண்டாம். அவர்கள் விடுகதைக்கு விடை சொல்லட்டும். சோல்டரிங் செய்வதாக இருந்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆர்டுயினோவுக்கு ஒரு 9 வோல்ட் பேட்டரியும், மோட்டாருக்குத் தனியாக நான்கு பென்டார்ச் செல்களும் வைத்து, இரண்டின் மைனஸ் வயரையும் ஒன்று சேருங்கள். ஒரே பேட்டரியில் இரண்டையும் ஓட்டினால், மோட்டார் திரும்பும்போது பலகை மயங்கிவிடும்.

கடைசியாக ஒன்று. பேட்டரி தீர்ந்துவிட்டால் எத்தனை பேர் கைகோத்தாலும் பெட்டி திறக்காது. பேட்டரியோ உள்ளே இருக்கிறது! ஆகவே அடிப்பலகையை ஆணி அடித்து மூடாதீர்கள். நான்கு திருகாணி போட்டு முடுக்கி, ஸ்குரூ டிரைவரை எங்கே வைத்தீர்கள் என்பதை வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.